மன்னர் பரம்பரையும் நாலாவது கட்டமும்

1

எகிப்தில் ஓர் ஆளுக்கு ஒரு பெயர் போதாது, நான்கு வேண்டும். தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், கொள்ளுத்தாத்தா பெயர். பேங்கில் கேட்பார்கள், ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், பிள்ளைகள் பரீட்சை எழுதப் போனால் அங்கேயும் கேட்பார்கள். நம் ஊரில் ஒற்றை இனிஷியலை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க ஓட்டிவிடுகிறோம். இங்கே அதைக் காட்டினால், மீதியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தாயா என்பது போலப் பார்ப்பார்கள்.

கெய்ரோவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தெற்கே போனால் எங்கள் சிமெண்ட் ஆலை. அரியலூரில் ஓர் ஆலையில் லேப் கெமிஸ்ட்டாக இருந்த நான், பதினான்கு வருஷத்துக்கு முன்னால் இதே வேலைக்கு இங்கே வந்து சேர்ந்தேன். முதல் நாள் ஆபீஸில் நாதியா மேடம் பெரிய ரிஜிஸ்டர் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கேட்டார். செல்வராசு என்றேன். அப்பா, முத்து. தாத்தா, கருப்பன். அவர் பேனா நாலாவது கட்டத்தில் வந்து நின்றது.

எனக்குத் தெரியாது. தாத்தாவின் அப்பா பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பின்னால் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். தெரியாது என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், கங்கைகொண்ட சோழபுரத்தில் அவ்வளவு பெரிய கோயிலைக் கட்டிய மன்னர் இருக்கிறாரே, பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்களே, அவர் பெயர் வாயில் வந்துவிட்டது. நாதியா மேடம் அழகாக எழுதிக்கொண்டார்.

ஒரே வாரத்தில் குட்டு வெளிப்பட்டிருக்க வேண்டும். கில்ன் என்கிற சிமெண்ட் சூளைக்கு எஞ்சினியரான மஹ்மூத் அந்தப் பெயரைக் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, கேன்டீனுக்கு ஓடி வந்தான்.

"ஒங்க கொள்ளுத்தாத்தா சக்கரவர்த்தியாமே! கப்பல் படை வச்சிருந்தாராமே!"

"ஆயிரம் வருஷத்துக்கு முந்துன ஆளுன்னு போட்டிருக்கே. கொள்ளுத்தாத்தாவுக்கு ஆயிரம் வயசா?" என்று கேட்டான் குவாரி ஃபோர்மேன் சாபர்.

"இவரு அந்தப் பரம்பரைய சொல்றாருய்யா," என்று மஹ்மூத் எனக்காக வாதாடினான். "அப்படித்தானே?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாமா இல்லையா என்று நமக்கே விளங்காமல் ஓர் ஆட்டல் ஆட்டுவோமே, அது. அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஆலையில் எனக்கு இளவரசர் என்று பெயர்.

வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது புரியும். பெரம்பலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வரைக்கும் பஸ்ஸில் போனால், சுவருக்குச் சுவர் ஏதாவது ஒரு சங்கம் ஏதாவது ஒரு மன்னரைத் தன் ஆள் என்று போஸ்டர் ஒட்டியிருக்கும். ஒரே மன்னரை மூன்று சங்கங்கள் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. அந்த ஊர்க் காற்றைக் குடித்தவன், மாட்டிக்கொண்டால் வேறு யாரைக் கூப்பிடுவான்?

2

மேலே எழுதியதெல்லாம் அரைகுறை இங்கிலீஷில் நடந்த பேச்சு, இனி வருவதெல்லாம் அரபியில். என் காதுக்குள் அது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் போய்ச் சேருகிறது. ஆகவே மஹ்மூத்தும் சாபரும் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் மாதிரிப் பேசினால் தப்பு என்னுடையது.

மஹ்மூத் வடக்கே தன்தா என்ற ஊர்க்காரன். வெள்ளையாக, தொப்பையோடு, எதற்கும் சத்தம் போடுகிறவன். சாபர் தெற்கே அஸ்வான் பக்கத்து நூபியன். நல்ல கறுப்பு. குரல் மெல்லிசு. நூபியர்களுக்குத் தனி மொழி உண்டு. அவன் பிறப்பதற்கு முன்பே, நைலில் பெரிய அணை கட்டியபோது அவர்கள் ஊர் ஏரிக்கு அடியில் போய்விட்டது. சனங்களை ஏற்றிக்கொண்டு வந்து வேறு இடத்தில் குடிவைத்தார்கள்.

எங்கள் மூன்று பேருக்கும் பழக்கம் கல்லால் வந்தது. ஆலைக்குச் சுண்ணாம்புக்கல்தான் சோறு. சாபர் குவாரியில் வெடி வைத்துக் கல்லை அனுப்புவான், நான் லேபில் சோதித்துச் சொல்வேன், மஹ்மூத் கில்னில் போட்டு எரிப்பான். காலையில் பத்து மணிக்கு மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஃபூல் சாப்பிடுவோம். ஃபூல் என்றால் கிட்டத்தட்ட நம் அவித்த மொச்சை, எண்ணெயும் எலுமிச்சையும் விட்டு மசித்தது. நான் மட்டும் அதில் ஊறுகாய் போட்டுக்கொள்வேன். முதல் வருஷம் சிரித்தார்கள், மூன்றாம் வருஷம் ஊறுகாய்ப் பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஒருநாள் சாபர் ஒரு கல்லைக் கொண்டுவந்து கொடுத்தான். கல் முழுக்கக் காசு மாதிரி வட்டவட்டமான சுவடுகள். கடலில் வாழ்ந்து செத்த உயிர்கள். பிரமிட் கல்லிலும் இவை உண்டு என்றான். நான் போனில் அரியலூர் மைன்ஸில் எடுத்த படத்தைக் காட்டினேன். சுருண்ட பெரிய நத்தை மாதிரி ஒன்று, கல்லாகிப் போனது. எங்கள் ஊரும் ஒருகாலத்தில் கடலுக்கு அடியில் இருந்ததுதான்.

"அப்ப நம்ம ரெண்டு பேரு ஊரும் தண்ணிக்குள்ள கெடந்தது," என்றான் சாபர். "ஒங்க ஊரு வெளிய வந்துருச்சு. எங்களது உள்ள போயிருச்சு."

அவன் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் போனில் படத்தை மூடிவிட்டேன்.

3

என் மகள் கயல்விழி இங்கேயே பிறந்தவள், இப்போது பதின்மூன்று வயது. வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் கோபம் வந்தால் அரபிக்குப் போய்விடுவாள். அவள் திட்டுவதில் பாதி எனக்குப் புரியாது என்பது அவளுக்கு வசதி.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, "அப்பா, நம்ம முன்னோருங்கதான் பிரமிட் கட்டுனாங்க, தெரியுமா?" என்றாள்.

"யாரு சொன்னா?"

"புக்குல இருக்கு. நம்ம தாத்தாக்கள்னு போட்டிருக்கு."

பாடப்புத்தகம் எகிப்துப் பிள்ளைகளுக்கு எழுதியது. நம் முன்னோர் என்று எழுதாமல் வேறெப்படி எழுதுவார்கள்? நான் விளக்கிச் சொல்லப் போனேன். என் மனைவி, விடுங்க, தாத்தாக்கள் கூடுதலாக இருந்தால் என்ன குறைந்துவிடும் என்றாள். யோசித்தால் நியாயமாகத்தான் பட்டது. அப்பன் ஒரு சக்கரவர்த்தியைத் திருடியிருக்கிறான், மகள் ஒரு பிரமிட்டைத்தானே கேட்கிறாள்.

4

சண்டை வந்தது ஒரு டிவி தொடரால். ஏதோ வெளிநாட்டுக்காரர்கள் எகிப்து ராணி ஒருத்தியைக் கறுப்பாகக் காட்டிவிட்டார்கள். நாடே கொதித்தது. எங்கள் மேசையும் கொதித்தது.

பழைய எகிப்தியர்கள் யார் என்பது இந்த ஊரில் ஆறவே ஆறாத புண். இங்கேயே இருந்த சனம்தான், இன்றைக்கு இருக்கும் எகிப்தியர்கள் அவர்கள் பிள்ளைகள் என்பார் ஒருவர். நாகரிகம் தெற்கே ஆப்பிரிக்காவுக்குள்ளிருந்து நைலோடு இறங்கி வந்தது, கறுப்பர்கள் கொண்டுவந்தது என்பார் இன்னொருவர். வடக்கிலிருந்து, ஆசியாப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று சொன்ன வெள்ளைக்காரர்கள் ஒருகாலத்தில் நிறையப் பேர். மம்மியின் மரபணு, மண்டையோட்டின் அளவு, சுவர் ஓவியத்தின் நிறம் என்று ஆளுக்கொரு சாட்சி வைத்திருக்கிறார்கள். நூபிய மன்னர்கள் வந்து எகிப்தையே ஆண்ட காலமும் ஒன்று உண்டு என்பதை மட்டும் யாரும் மறுப்பதில்லை.

"எங்க வரலாற்றத் திருடுறானுவ," என்றான் மஹ்மூத்.

"எங்கன்னா யாரு? அதுல நான் இருக்கனா?" என்றான் சாபர், அவனுடைய மெல்லிய குரலில்.

நான் இடையில் புகுந்தேன். ஊர் நண்பர்கள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய ஒன்று கையில் இருந்தது. பிரமிட் கட்டியவர்கள் தமிழர்களே என்று நாற்பது வரி. சூட்டைத் தணிக்கலாம் என்று அதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒற்றுமையாகி என்மேல் பாய்ந்தார்கள். "இளவரசரே, ஒங்களுக்கு ஒங்க சாம்ராஜ்யம் போதாதா?" என்று மஹ்மூத் சிரித்தான். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

தொழில் புத்தி விடவில்லை. "லேபுல நாம என்ன செய்யிறோம்?" என்றேன். "குவியல்ல ஒரு எடத்துல கைய விட்டு அள்ளுனா அது சாம்பிள் இல்ல. பத்து எடத்துல எடுக்கணும். கூம்பாக் கொட்டணும், மேல தட்டணும், நாலாப் பிரிக்கணும், எதிரெதிர் கூறு ரெண்ட எடுத்துத் திரும்பக் கொட்டணும். அப்பறமாத்தான் இந்தக் கல்லு இன்னதுன்னு வாயத் தொறக்கலாம். நீங்க ரெண்டு பேரும் அவங்கவங்க நிக்கிற பக்கத்துல ஒரு கை அள்ளிட்டு மொத்த மலைக்கும் ரிப்போர்ட் எழுதுறீங்க. ஆயிரம் மைல் நீளத்துக்கு ஆத்தங்கர. மூவாயிரம் வருஷம். வடக்க ஒரு மாதிரி இருந்திருப்பான், தெக்க ஒரு மாதிரி இருந்திருப்பான், கலந்துகிட்டே இருந்திருப்பான்."

நல்ல பேச்சு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். யாரும் காதில் வாங்கவில்லை. மஹ்மூத் ரொட்டியைத் தட்டில் எறிந்துவிட்டுச் சாபரைப் பார்த்துச் சொன்னான்:

"தன் முப்பாட்டன் யாருன்னு தெரியாதவன்தான் அடுத்தவன் முப்பாட்டனுக்கு உரிம கொண்டாடுவான். அவனெல்லாம் ஒரு மனுசனா?"

சாபருக்கு ஒன்பது தலைமுறைப் பெயர் மூச்சுவிடாமல் சொல்லத் தெரியும். அந்தச் சொல் அவன் மேல் ஒட்டாது. ஆனாலும் அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டான். மஹ்மூத் சாபர்மேல் எறிந்த கல், பக்கத்தில் உட்கார்ந்து அவன் கிண்ணத்துக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த என்மேல் விழுந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

ஐந்து வாரம் அவர்கள் பேசவில்லை. நான் ஒருநாள் இந்த மேசை, ஒருநாள் அந்த மேசை என்று ஊறுகாய்ப் பாட்டிலோடு அலைந்தேன்.

5

அந்தச் சமயம் பார்த்து ஆலையில் புது கம்ப்யூட்டர் முறை வந்தது. எல்லோருக்கும் புது அடையாள அட்டை. ஒவ்வொருவரும் ஆபீஸுக்கு வந்து, தன் நான்கு பெயரும் உண்மை என்று கையெழுத்துப் போட வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது.

பொய்யாக ரிஜிஸ்டரில் எழுதவிட்டது ஒன்று, உண்மை என்று கையெழுத்துப் போடுவது வேறொன்று. பயமும் இருந்தது. உண்மையைச் சொன்னால் மஹ்மூத் என்னை எப்படிப் பார்ப்பான்? எங்கள் ஊரில் சிலர் எங்களைப் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. கடல் தாண்டி வந்ததே அந்தப் பார்வை எட்டாத இடத்தில் உட்கார்ந்து சாப்பிடத்தான். அந்த மேசையிலேயே அது வந்துவிட்டால் நான் எங்கே போவது?

நான் பிறந்த கீழப்பழுவூரில்தான் என் அத்தை இருக்கிறார். அஞ்சலை, அப்பாவுக்கு அக்கா. எங்கள் வீட்டில் அந்தத் தலைமுறையில் மிச்சம் அவர் ஒருவர்தான். போன் போட்டேன்.

"அத்த, ஒங்கப்பாவோட அப்பா பேரு என்ன?"

"எதுக்குடா? சொத்து கித்து வருதா?"

"ஆபீஸ்ல கேக்குறாங்க."

"செத்துப்போனவரு பேர வச்சிக்கிட்டு அவனுவ என்ன பண்ணப் போறானுவ?" பிறகு குரலை இறக்கினார். "தெரியாதுடா. எங்கப்பன் கருப்பன் பேரயே பண்ணையில யாரும் சொன்னதில்ல. ஏய், இந்தாடான்னா அவருதான். மூணு ஆளு நின்னா மூணு பேரும் திரும்பிப் பாப்பாங்களாம், யாரக் கூப்புட்டாங்கன்னு தெரியாம. அப்படி இருந்த மனுசன், அவங்கப்பன் பேர எங்களுக்கு எங்கேர்ந்து சொல்லுவாரு?"

"அப்ப நான் என்னத்த எழுத?"

"தெரியலன்னு எழுது. களவா பண்ணிட்ட?"

களவுதான் பண்ணியிருந்தேன். அதை அத்தையிடம் சொல்லவில்லை.

6

ஆபீஸில் அதே நாதியா மேடம். இப்போது மூக்குக்கண்ணாடி, ரிஜிஸ்டருக்குப் பதில் கம்ப்யூட்டர். எனக்குப் பின்னால் மஹ்மூத். அவனுக்கு இரண்டு ஆள் தள்ளிச் சாபர். மேடம் என் நான்கு பெயரையும் உரக்க வாசித்துவிட்டுக் கையெழுத்துக்குத் தாளை நீட்டினார்.

"நாலாவது பேரு தப்பு மேடம்," என்றேன்.

"எழுத்துப் பிழையா?"

"இல்ல. ஆளே தப்பு. அது ஒரு ராஜாவோட பேரு. எனக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்ல. எங்க தாத்தா அடுத்தவங்க வயல்ல வேல பாத்தவரு. சொந்தமா நெலம் கெடையாது. அவங்கப்பா பேரு எங்க வூட்டுல யாருக்கும் தெரியாது."

பதினான்கு வருஷம் வாயில் வராத வார்த்தை வந்துவிட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. மேடத்தின் மேசை மேலிருந்த டீக் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அன்னிக்கு நான் சொன்னது..." என்று மஹ்மூத்தின் குரல் பின்னாலிருந்து வந்தது. "ஒன்னச் சொல்லல."

"தெரியும்."

"நீ பக்கத்துலதான ஒக்காந்திருந்த?"

"ஆமா."

"எனக்கு எண்ணெய் ஊத்திக்கிட்டு இருந்தியே."

"ஆமா."

நான் திரும்பியபோது அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "என் வாயில மண்ணள்ளிப் போட," என்றான்.

நாதியா மேடம் இரக்கமுள்ளவர்தான், ஆனால் அவர் கம்ப்யூட்டருக்கு இரக்கம் தெரியாது. "காலியா விட முடியாதே," என்றார் கவலையாக.

சாபர் வரிசையை விட்டு முன்னால் வந்தான். "ஊரு பேரப் போடுங்க," என்றான். "எங்க சனத்துக்குப் பேரு இருக்கு, ஊரு போச்சு. இவனுக்கு ஊரு இருக்கு, பேரு போச்சு. இருக்கறத எழுதுங்க."

"அப்படி எழுதலாமா?" என்றேன்.

"தாராளமா எழுதலாம்," என்றான் மஹ்மூத். "என்னோட நாலாவது பேரு என்ன? தன்தாவி. தன்தா ஊர்க்காரன்னு அர்த்தம். எங்க கொள்ளுத்தாத்தா அங்க எங்கேர்ந்து வந்தாரு, அவருக்கு என்ன பேரு, எனக்கு மட்டும் தெரியுமா?"

சாபர் அவனைத் திரும்பிப் பார்த்தான். ஐந்து வாரத்துக்குப் பிறகு முதல் பார்வை.

"அஞ்சாயிரம் வருஷத்துக்கு முந்துன ஆளத் தெரியும், நாலாவது ஆளத் தெரியாதாக்கும்?"

மஹ்மூத்துக்கு முகம் சிவந்து, பிறகு தொப்பை குலுங்கியது. வரிசையே சிரித்தது. நாதியா மேடம்கூடச் சிரித்துவிட்டு, "ஊர் எது?" என்று கேட்டார்.

பழுவூர் என்று சொல்ல ஒரு நொடி தயங்கினேன். கீழப்பழுவூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால், ஊருக்கா, காலனிக்கா என்று கேட்பார்கள். எங்கள் தெரு ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஊர் என்று சொன்னால் அதில் நாங்கள் அடக்கமில்லை. அந்த வயல்களில் நாற்றுப் பிடுங்கியது நாங்கள், களத்தில் நெல் அடித்தது நாங்கள், ஊர் மட்டும் எங்களுடையது இல்லை. எத்தனை தலைமுறை என்றும் தெரியாது, எண்ணி வைக்க எங்களிடம் பெயர் இல்லை.

"பழுவூர்," என்றேன்.

அதை அரபியில் எப்படி எழுதுவது என்று மஹ்மூத்தும் சாபரும் மேடத்தின் கீபோர்டு மேல் கவிழ்ந்து சண்டை போட ஆரம்பித்தார்கள். எனக்கு அது பாட்டுக் கச்சேரி மாதிரி இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரே மேசையில் மூன்று தட்டு. எண்ணெயை மஹ்மூத் எனக்கு ஊற்றினான்.

7

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கயல்விழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சக்கரவர்த்தி போய்விட்டதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். பிறகு விரலை மடக்கி எண்ணினாள். கயல்விழி, செல்வராசு, முத்து, கருப்பன். "எனக்கு நாலும் இருக்குப்பா!" என்றாள். எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை.

இரண்டு வாரம் கழித்துக் கேன்டீனில் வைத்து அட்டைகளைக் கொடுத்தார்கள். நாதியா மேடம் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒவ்வொருவர் பெயரையும் நான்கும் சேர்த்து முழுதாக, மரியாதையோடு கூப்பிட்டார். என் முறை வருவதற்குள் அத்தைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அங்கே சாயங்காலம், ஆடுகள் கத்துவது கேட்டது.

"அத்த, பேசாம கேளுங்க."

"என்னத்தடா கேக்க?"

"உஸ்தாத் செல்வராசு முத்து கருப்பன் பழுவூர்!" என்றது மேடத்தின் குரல்.

போனில் ஆடுகளை அதட்டி அடக்கும் சத்தம். பிறகு, "எங்கப்பன் பேருடா அது," என்றார் அத்தை.

"ஆமா அத்த."

"முன்னால என்னமோ சொன்னாங்களே?"

"உஸ்தாத். இங்க ஐயான்னு சொல்ற மாதிரி."

மேடம் என்னைத் தேடிவிட்டு, இன்னும் உரக்க இரண்டாம் முறை கூப்பிட்டார். மஹ்மூத் என் முதுகில் தட்டினான். நான் போனைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"கருப்பனத்தான் கூப்புடுறாங்க, காதுல வுழல?" என்று அத்தை போனில் சத்தம் போட்டார். "ஏன்டா நிக்கிற? போயி நில்லுடா."